சிக்கசா மக்களின் 67 ஆண்டுகள்: இந்தியர் விவகாரப் பணியகத்துக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க இண்டீரியர் துறைச் செயலருக்கும் அத்துறையின் கீழ் இயங்கும் இந்தியர் விவகாரப் பணியகத்தின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

தெற்கு ஓக்லஹோமாவில் ஏடா என்னும் சிறு நகரத்தில் குடியிருக்கும் தமிழ்ப் பெண் நான். வேலை நிமித்தமாகக் குடும்பத்தோடு இங்கே வந்தோம். நீங்கள் கோப்புகளில் 'இந்தியர்' என்று எழுதும்போது அது என்னைக் குறிப்பதில்லை. கடலில் திசை தவறி வந்தவர் ஒருவர் இந்த நிலத்து மக்களுக்கு வைத்த பெயர் அது. ஆனாலும் உங்கள் பணியகத்தின் பெயர்ப்பலகையைப் பார்க்கும் போதெல்லாம் என் கண் ஒரு கணம் அங்கேயே நின்றுவிடும். இந்த ஊரின் கதையை நான் தேடிப் படிக்கத் தொடங்கியதற்கு அந்தச் சொல்லும் ஒரு காரணம்.

கதை கண்ணெதிரேதான் இருக்கிறது. மளிகைக் கடை வாசலில் நிற்கும் கார்களில் பாதிக்கு, சிக்கசா என்னும் பழங்குடி மக்களின் அரசான சிக்கசா நேஷனின் நம்பர் பிளேட். தேர்தல் காலம் வந்தால் வீட்டு முன்புறப் புல்தரையில் சின்னச் சின்ன அட்டைகள் முளைக்கும்: பான்டடாக் மாவட்டத்துக்கு இன்னார், பிக்கன்ஸ் மாவட்டத்துக்கு இன்னார். இவை மாநிலத் தேர்தலுக்கானவை அல்ல. சிக்கசா மக்கள் தங்கள் சொந்தச் சட்டமன்றத்துக்கு, தங்கள் சொந்த ஆளுநருக்குப் போடும் வாக்குக்கானவை. வந்த புதிதில் இதை நான் தொன்றுதொட்டு நடந்துவரும் வழக்கம் என்றே நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, 1904-க்கும் 1971-க்கும் நடுவே இந்த மக்கள் தங்கள் ஆளுநரை ஒருமுறைகூடத் தேர்ந்தெடுக்கவில்லை என்று. அவர்கள் வேண்டாம் என்று விட்டுவிட்டதல்ல அது. அந்த உரிமையை எடுத்துக்கொண்டவர்கள் நீங்கள். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் என்ன இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சிக்கசா மக்களின் பூர்வீகம் இன்றைய மிசிசிப்பியின் வடபகுதியும் அதை ஒட்டிய டென்னசி, அலபாமா, கென்டக்கி நிலப்பகுதிகளும். 1832-இல் அந்த நிலத்தை அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுத்த பான்டடாக் க்ரீக் ஒப்பந்தம். 1837 முதல் மேற்கே பெயர்ப்பு. மேற்கே தங்குவதற்குச் சாக்டா என்ற இன்னொரு பழங்குடி மக்களிடமிருந்து 5,30,000 டாலர் கொடுத்து அவர்கள் நிலத்தில் பங்கு வாங்கினார்கள். விரட்டப்பட்டவர்கள், போய்ச் சேரும் இடத்துக்கும் தாங்களே விலை கொடுத்தார்கள். 1855-இல் சாக்டா அரசிலிருந்து பிரிந்து, 1856-இல் டிஷோமிங்கோவில் கூடித் தங்களுக்கென ஓர் அரசியல் சாசனம் எழுதினார்கள். பழைய 'மிங்கோ' என்ற தலைமைப் பட்டம் போய், தேர்தலில் வரும் ஆளுநர் பதவி வந்தது. முதல் ஆளுநர் சைரஸ் ஹாரிஸ். உங்கள் துறையே தொடங்கி ஏழே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது.

டிஷோமிங்கோவில் அவர்களின் பழைய தலைமைச் செயலகக் கட்டடம் இன்றும் நிற்கிறது. ஏடாவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். போன மாதமும் போயிருந்தேன். சிவப்பு கிரானைட் கட்டடம்; மாலை வெயில் பட்டால் செங்கல் சூளையின் வாய்போல் ஒளிர்கிறது. கல்லைத் தொட்டுப் பார்த்தேன், சொரசொரவென்று உள்ளங்கையைப் பிடித்துக்கொள்கிறது. இதை அவர்கள் கட்டித் திறந்த ஆண்டு 1898. அதே ஆண்டில்தான், பழங்குடிகளின் பொது நிலத்தைக் கூறுபோட வழிசெய்த கர்டிஸ் சட்டத்தை உங்கள் காங்கிரஸ் இயற்றியது. 1906 மார்ச் 4 வரைதான் இந்த அரசு என்று நாள் குறித்த அடோகா ஒப்பந்தமும் அந்தச் சட்டத்தோடு சேர்ந்தே நடைமுறைக்கு வந்தது. எட்டே ஆண்டு ஆயுள் என்று எழுதப்பட்ட ஓர் அரசு, நூறாண்டு நிற்கும்படி கருங்கல்லில் கட்டியிருக்கிறது. அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோது இதுதான் என் மனத்தை அறுத்தது. ஓக்லஹோமா மாநிலம் பிறந்தபின் அந்தக் கட்டடம் கவுண்டி நீதிமன்றமாயிற்று. சிக்கசா மக்கள் பல பத்தாண்டுகள் காத்திருந்து, தங்கள் கட்டடத்தைத் தாங்களே பணம் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள்.

இப்போது 1906 ஏப்ரல் 26-ஆம் நாள் சட்டத்துக்கு வருகிறேன். உங்கள் சட்ட ஆலோசகர்களுக்கு அது தெரிந்த ஒன்றுதான். ஆனால் இந்த மடலைப் படிக்கும் தமிழ் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். செரோக்கி, சாக்டா, கிரீக், செமினோல், சிக்கசா ஆகிய ஐந்து பழங்குடிகளுக்கும் பொதுவான சட்டம் அது. பழங்குடி அரசுகள் தொடரும் என்று அதில் ஓர் இடத்தில் எழுதியிருக்கிறது. அதே சட்டம், தலைவர் பதவி காலியானால் அமெரிக்க ஜனாதிபதியே ஆளை நியமிக்கலாம் என்கிறது. கடமையைச் செய்ய மறுக்கும் தலைவரை அவர் நீக்கலாம் என்கிறது; இருக்கிற தலைவர் ஒரு பத்திரத்தில் முப்பது நாளுக்குள் கையெழுத்துப் போடத் தவறினால், அந்தக் கையெழுத்து இல்லாமலே இண்டீரியர் செயலர் ஒப்புதல் கொடுத்து அதைச் செல்லுபடியாக்கலாம் என்கிறது. சட்டமன்றம் ஆண்டுக்கு முப்பது நாளுக்கு மேல் கூடக்கூடாது. அது இயற்றும் எதுவும் ஜனாதிபதி ஒப்புதல் இல்லாமல் செல்லாது. 

அந்தக் கையெழுத்து விதியை நான் பலமுறை படித்தேன். ஒரு மக்கள் கூட்டத்துக்குத் தலைவர் எதற்குத் தேவை என்று அன்று வாஷிங்டன் நினைத்தது என்பதை அது ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறது. நிலத்தைக் கூறுபோட்டுத் தனித்தனிப் பட்டா வழங்க வேண்டும். பட்டாவில் பழங்குடியின் சார்பில் ஒரு கையெழுத்து வேண்டும். அந்தக் கைக்காகத்தான் தலைவர். செரோக்கி மக்களுக்கு இது இன்னும் அப்பட்டமாக நடந்தது. ஏதாவது பத்திரம் வந்தால் ஒருவரைத் தலைவராக நியமிப்பார்கள், அவர் கையெழுத்திடுவார், அத்தோடு அவர் பதவி முடியும். 'ஒரு நாள் தலைவர்கள்' என்றே வரலாற்றில் அவர்களுக்குப் பெயர்.

சிக்கசா மக்களுக்கு அந்த அளவு வரவில்லை. 1904-இல் மக்கள் வாக்கில் வென்ற டக்ளஸ் ஜான்ஸ்டன் அப்படியே தொடர்ந்தார், 1939-இல் இறக்கும்வரை. அவருக்குப் பின் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஃபிளாய்ட் மேட்டபியை நியமித்தார். அவர் 1963 வரை. இரண்டே மனிதர்கள், ஏறக்குறைய அறுபது ஆண்டுகள். இவர்களைக் கைப்பாவைகள் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. நான் அப்படி எழுதமாட்டேன். தங்கள் மக்களுக்கு வரவேண்டிய பணத்துக்காக அமெரிக்க அரசின் மீதே வழக்குப் போட ஜான்ஸ்டன் ஆண்டுக்கணக்கில் முயன்றார். 1924-இல் அதற்கான அனுமதிச் சட்டமும் வந்தது. அலுவலர் இல்லை, வரி இல்லை, செலவுக்குப் பணம் வேண்டுமென்றால் உங்கள் பணியகத்திடம் எழுதிக் கேட்க வேண்டும். அந்த நிலையில் ஒரு பெயரை அணையாமல் காத்ததே பெரிய காரியம். ஆனால் காவல் காத்தவர் நல்லவர் என்பதால், வீட்டுக்காரரின் சாவியைப் பிடுங்கியது சரி என்று ஆகாது.

சாவி யாரிடம் இருந்தது என்பதை நிலக்கரி நிலங்களின் கதையில் பார்க்கலாம். சிக்கசாவும் சாக்டாவும் பொதுவில் வைத்திருந்த நிலக்கரி, நிலக்கீல் நிலங்களைத் தனிப்பட்டாவில் சேர்க்காமல் ஒதுக்கிவைத்தார்கள். 1902 ஒப்பந்தம் மூன்று ஆண்டுகளுக்குள் அவற்றை விற்றுப் பணத்தை மக்களுக்குப் பிரித்துத் தருவதாகச் சொன்னது. நான்கு ஆண்டு கழித்து வந்த 1906 சட்டமே அந்த விற்பனையை நிறுத்திவைத்தது. முதல் உலகப் போர் முடிந்தது, பெருமந்தம் வந்து போனது, இரண்டாம் போரும் முடிந்தது. கடைசியில் 1948-இல் 85 லட்சம் டாலருக்கு அமெரிக்க அரசே அந்தக் கனிம உரிமையை வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தத்தைக் காங்கிரஸ் ஏற்றது. பழைய ஏற்பாட்டின்படி நாலில் மூன்று பங்கு சாக்டாவுக்கு, ஒரு பங்கு சிக்கசாவுக்கு. அந்தப் பணத்துக்காகக் காத்திருந்தே ஒரு தலைமுறை மண்ணுக்குள் போய்விட்டது.

விற்பனைக்கு மக்கள் சம்மதித்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். வறுமையில் இருந்தவர்களுக்குக் கைக்கு வரும் பணம் பெரிதுதான். ஆனால் விற்பவர் தரப்பின் ஆளுநரை நியமித்தவர் யார்? வாங்கும் அரசின் ஜனாதிபதி. எங்கள் ஊரில் ஒரு நிலப் பத்திரத்தை இப்படிப் பதிவு செய்தால் சார்பதிவாளர் அலுவலகத்து எழுத்தரே நிமிர்ந்து பார்ப்பார்.

இன்னொன்று. 1901-லேயே இந்த ஐந்து பழங்குடி மக்களையும் அமெரிக்கக் குடிமக்கள் ஆக்கிவிட்டது உங்கள் காங்கிரஸ். ஆக, 1940-இல் ஒரு சிக்கசா விவசாயி ரூஸ்வெல்ட்டுக்கோ அவருக்கு எதிராகவோ வாக்களிக்கலாம். உலகப் போரை நடத்தும் மனிதரைத் தேர்ந்தெடுக்கும் பக்குவம் அவருக்கு உண்டு என்று ஒப்புக்கொண்டவர்கள், அவர் சொந்தச் சனத்துக்கு ஆளுநரைத் தேர்ந்தெடுக்கும் பக்குவம் மட்டும் இல்லை என்று எப்படி முடிவு செய்தீர்கள்? எந்த ஆவணத்திலும் இதற்கு நேரான பதிலை நான் பார்க்கவில்லை.

பிறகு வந்தது ஐம்பதுகள். 'டெர்மினேஷன்' என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் ஆட்களுக்கு வேலை போவதுதான் நினைவுக்கு வரும். பழங்குடிகளுக்கு அந்தச் சொல்லின் பொருள், ஒரு மக்கள் கூட்டமாக இருப்பதே போவது. 1950-இல் உங்கள் பணியகத்தின் ஆணையராக டில்லன் மையர் வந்தார். போர்க்காலத்தில் ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்துவைத்த முகாம்களை நிர்வகித்தவர். 1953 ஆகஸ்ட் 1-இல் காங்கிரஸ் 108-ஆம் எண் தீர்மானத்தை நிறைவேற்றியது: பழங்குடிகளுடனான கூட்டாட்சி அரசின் சிறப்பு உறவை இயன்ற விரைவில் முடித்துவிடுவது. யூட்டா மாநில செனட்டர் ஆர்தர் வாட்கின்ஸ் அதை 'விடுதலை' என்றே பேசினார். விஸ்கான்சினின் மெனாமினி மக்கள் அந்த விடுதலையைப் பெற்றார்கள். மருத்துவமனை மூடப்பட்டது, அவர்கள் நிலம் மாநிலத்தின் வறுமை மிகுந்த கவுண்டிகளில் ஒன்றானது. 1973-இல் சட்டம் போட்டு அவர்களைத் திரும்பப் பழங்குடியாக அங்கீகரிக்க வேண்டியிருந்தது.

ஓக்லஹோமாவிலும் 1956-இல் பியோரியா, ஒட்டாவா, வயண்டாட் மக்களுக்கு அது நடந்தது. சிக்கசா பெயர் அந்தச் சட்டங்களில் இல்லை. ஆனால் 1959-இல் சாக்டா மக்களுக்கான டெர்மினேஷன் சட்டம் வந்தது. மிச்சமிருக்கும் சொத்தை விற்றுப் பிரித்துக்கொள்ளும் வழி என்று நினைத்துத்தான் சாக்டா தலைவர் ஹாரி பெல்வின் அதை ஆதரித்தார். அதன் முழுப் பொருள் பிறகே விளங்கியது. சாக்டாவும் சிக்கசாவும் கூட்டுச் சொத்துக்காரர்கள். ஒரே சுவரைப் பகிரும் இரண்டு வீட்டில் ஒன்றை இடித்தால் மற்றதில் விரிசல் விழாமல் இருக்குமா? அந்தச் சட்டத்தின் கெடு மீண்டும் மீண்டும் தள்ளிப்போடப்பட்டது. ஓக்லஹோமா சிட்டியில் வேலைக்குப் போயிருந்த சாக்டா இளைஞர்கள் கூட்டம் போட்டு, கடிதம் எழுதி எதிர்த்தார்கள். கெடு முடிய ஒரே ஒரு நாள் இருக்கும்போது, 1970 ஆகஸ்ட் 24-இல் சட்டம் நீக்கப்பட்டது. ஒரு நாள்!

இப்படிப்பட்ட ஆபத்து வாசலில் நிற்கும்போது ஒரு மக்கள் கூட்டத்துக்கு எது வேண்டும்? கூடிப் பேச ஒரு மன்றம், வேண்டாம் என்று சொல்ல ஒரு தலைவர். சிக்கசா மக்களுக்கு நீங்கள் ஏற்கும் மன்றம் இல்லை. தலைவரை வைப்பதும் எடுப்பதும் உங்கள் கையில். கானர்வில் ஊருக்கு அருகே சீலி சேப்பல் என்ற சின்ன தேவாலயம் இருக்கிறது. 1960-இல் அங்கேதான் கூடினார்கள். அதிகாரபூர்வமான அழைப்பு எதுவும் இல்லை. தாங்கள் இன்னும் ஒரு சனம்தான் என்பதைத் தங்களுக்குள் உறுதி செய்துகொண்ட கூட்டம் அது. இன்று ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் திரளும் சிக்கசா ஆண்டுக் கூட்டத்தின் தொடக்கம் அந்தத் தேவாலயம்தான்.

1963-இல் ஓவர்டன் ஜேம்ஸ் ஆளுநரானார். 38 வயது, ஆசிரியராக இருந்தவர். அவரும் நியமிக்கப்பட்டவரே. ஆனால் தன்னை நியமித்த முறையை முடித்துவைக்கும் பக்கம் நின்றார் அவர். 1970 அக்டோபர் 22-இல் ஐந்து பழங்குடிகளும் தங்கள் தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம் என்று சட்டம் வந்தது. அப்போதும் தேர்தல் விதிகளுக்கு உங்கள் செயலரின் ஒப்புதல் வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் வந்தது. 1971-இல் தேர்தல் நடந்தது, ஜேம்ஸ் வென்றார். 1906-இல் பிறந்த ஒரு சிக்கசா பெண் குழந்தை, தன் ஆளுநருக்கு முதல் வாக்கைப் போடும்போது அவளுக்கு வயது 65. பேரன் பேத்தி எடுத்திருப்பாள். பலருக்கு அந்த ஒரு வாக்குக்கூட வாய்க்கவில்லை.

அந்த ஆண்டுகளில் போனது வாக்கு மட்டுமல்ல. 1973-இல் வெளிவந்த சிக்கசா அகராதியைத் தொகுத்தவர்கள் ஜெஸ் ஹியூம்ஸும் வின்னி மே ஹியூம்ஸும். வின்னி மே, ஆளுநர் ஜேம்ஸின் தாயார். தேர்தல் திரும்பி வந்த இரண்டாம் ஆண்டில் ஆளுநரின் அம்மா உட்கார்ந்து தன் மொழியின் சொற்களை எழுத்தில் சேர்த்து முடித்திருக்கிறார். மொழிக்காக வாழும் ஒரு சமூகத்திலிருந்து வந்த எனக்கு, அந்தத் தாய் எவ்வளவு அவசரத்தை உணர்ந்திருப்பார் என்று புரிகிறது.

நீங்கள் சொல்லலாம்: எல்லாம் சட்டப்படிதானே நடந்தது என்று. 1976-இல் கிரீக் மக்கள் தொடுத்த ஹார்ஜோ எதிர் கிளெப்பி வழக்கின் தீர்ப்பை எடுத்துப் பாருங்கள். 1906 சட்டம் கிரீக் மக்களின் சட்டமன்றத்தை ஒழிக்கவில்லை, ஒழிந்துவிட்டதுபோல் நடந்துகொண்டது பணியகம்தான் என்று வாஷிங்டன் கூட்டாட்சி நீதிமன்றம் கண்டது. அந்தப் போக்குக்கு நீதிபதி வில்லியம் பிரயன்ட் வைத்த பெயர் 'அதிகாரவர்க்க ஏகாதிபத்தியம்'. வழக்கு கிரீக் மக்களுடையது. சட்டம் ஐந்து பழங்குடிக்கும் ஒன்றுதான்.

இங்கே இன்னொரு உண்மையையும் விடாமல் சொல்ல வேண்டும், அது சிக்கசா தரப்புக்கும் கசக்கும். சிக்கசா செல்வந்தர்கள் கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்தார்கள். அடிமைமுறையை ஒழித்த 1866 ஒப்பந்தத்துக்குப் பின்னும் விடுதலை பெற்ற அந்த மக்களைச் சிக்கசா நேஷன் குடிமக்களாக ஏற்கவே இல்லை. நிலத்தைப் பிரித்துக் கொடுக்க மக்களைப் பதிவு செய்த டாஸ் கமிஷன் பட்டியலில் 4,600-க்கு மேற்பட்டவர்கள் 'விடுதலை பெற்றோர்' என்று தனியே எழுதப்பட்டார்கள். 1904-லும் அவர்களுக்கு வாக்கில்லை, 1971-லும் இல்லை. உங்களிடம் கணக்குக் கேட்கும் நான் இதை மறைத்தால் என் கணக்கும் பொய்யாகிவிடும். இரண்டு தரப்பும் அவர்கள் தலைக்கு மேலாகவே ஒப்பந்தம் பேசின.

இனி என் வேண்டுகோள். 1988-இல் காங்கிரஸ் 108-ஆம் எண் தீர்மானத்தைச் சட்டப்படி நிராகரித்தது. 2000 செப்டம்பரில் உங்கள் பணியகத்தின் சார்பில் கெவின் கோவர் மன்னிப்புக் கேட்டார். அந்த உரையை நான் மதிக்கிறேன். 2009-இல் காங்கிரஸின் மன்னிப்புத் தீர்மானம், ராணுவச் செலவு மசோதா ஒன்றுக்குள் வைத்து நிறைவேறியது. 2024 அக்டோபரில் ஜனாதிபதி பைடன் அரிசோனாவுக்குப் போய், பழங்குடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளிகளுக்காக மன்னிப்புக் கேட்டார். ஆனால் ஐந்து மக்கள் கூட்டங்களின் தேர்தலை நிறுத்திவைத்ததற்கென்று தனியே ஒரு சொல் வேண்டும். 'கடந்தகாலத் தவறுகள்' என்ற பொதுச் சொல்லுக்குள் அதைப் போட்டு மூடக்கூடாது. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்தெந்த நியமனங்கள், அவற்றின் கையெழுத்தில் கைமாறிய சொத்து எது எது என்று எழுதித் தாருங்கள்.

அந்த நியமனக் கோப்புகளை மக்கள் கையிலும் கொடுங்கள். உங்கள் பணியகத்தின் ஐந்து பழங்குடி ஆவணங்கள் டெக்சாஸ் மாநிலம் ஃபோர்ட் வொர்த்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஏடாவிலிருந்து மூன்று மணி நேரக் கார்ப் பயணம். ஒரு பாட்டி தன் தகப்பனார் எழுதிய மனுவைப் பார்க்க அவ்வளவு தூரம் போகக்கூடாது. ஒரு தாள் விடாமல் படமெடுத்து, சிக்கசா நேஷனிடமும் மற்ற நான்கு நேஷன்களிடமும், விடுதலை பெற்றோரின் வழித்தோன்றல்களிடமும் சேர்த்துவிடுங்கள்.

எழுதி முடித்ததும் அதைத் தபாலில் அனுப்ப வேண்டாம். உங்களில் ஒருவர் டிஷோமிங்கோவுக்கு வாருங்கள். அந்தச் சிவப்பு கிரானைட் படியில் நின்று, 1904 என்றும் 1971 என்றும் இரண்டு ஆண்டுகளையும் வாய்விட்டுச் சொல்லி, வந்திருக்கும் முதியவர்கள் காதில் விழும்படி வாசியுங்கள். மாலை நேரமாகப் பார்த்து வையுங்கள்; வெயில் தணிந்திருக்கும், அவர்களால் உட்கார்ந்து கேட்க முடியும். பின்வரிசையில் நானும் இருப்பேன்.

இப்படிக்கு,
ஏடாவில் குடியிருக்கும் தமிழ் வாசகி ஒருவர்